அழிக்கச் சொன்ன வரி

எக்ஸ்ரே எடுப்பவனுக்குக் கண் உண்டு, வாய் கிடையாது. படத்தில் இருப்பதைச் சொல்கிற உரிமை டாக்டருக்குத்தான். எண்பதுகளில் மட்டாஞ்சேரி ஆஸ்பத்திரி ஒன்றில் அந்த வேலையில் இருந்தேன். தெரிந்ததைச் சொல்ல முடியாமல் விழித்துக்கொண்டு நின்றவர்களுக்கு என் பாடு புரியும்.

வெள்ளைக் கரைசல்

இரைப்பையைப் படம் எடுக்க, வெறும் வயிற்றோடு வந்து பேரியம் என்ற வெள்ளைக் கரைசலைக் குடிக்க வேண்டும். சரோஜா பள்ளுருத்தியிலிருந்து பஸ்ஸில் தனியாக வந்திருந்தார். தமிழ்க் குடும்பம்தான், பேச்சில் பாதி மலையாளம். துணைக்கு ஆள் இல்லையா என்றேன். கணவர் துபாய்க்குப் போய் மூன்று வருஷம் என்றார். மூக்கைப் பிடித்துக்கொண்டு டம்ளரைக் காலி செய்துவிட்டுச் சொன்னார்:

"கொஞ்சம் ஏலக்காயாவது போட்டிருக்கலாம், கேட்டோ!"

இட்லி

படத்தில், வெள்ளை வயிற்றுக்குள் எலுமிச்சை அளவில் வட்டமாக ஒரு கறுப்பு. ஓரம் வழவழப்பு, நடுவில் சின்னக் குழி. புற்றுக்கட்டிகளின் ஓரம் கரடுமுரடாக இருக்கும். இது நான் பார்த்தே இராத தினுசு. ரகசியமாக இட்லி தின்றுவிட்டு வருகிறவர்கள் உண்டு. அப்படித்தான் என்று முடிவு கட்டி, சரோஜாவைக் கடிந்துகொண்டு இரண்டு நாள் கழித்து வரச் சொன்னேன்.

வந்தார். மறுபடி எடுத்தேன். அதே இடம், அதே வட்டம். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகக் கேட்டார்:

"இட்லி ரெண்டு நாள் ஒரே எடத்துல இருக்குமா சேட்டா?"

கேசட்

படம் காய்கிறவரை பெஞ்சில் உட்கார்ந்து பேசினார். கணவருக்குக் கடிதம் எழுதாமல் கேசட்டில் பேசி, ஊருக்கு வந்து திரும்புகிறவர்களிடம் கொடுத்தனுப்புவாராம். மூன்று வருஷமாக அதில் எல்லாம் சுகம் என்றே சொல்லிவந்திருக்கிறார். வியாதிக்காரர்கள் படத்துக்குப் பயப்படுவார்கள். இவர் முகத்திலோ ஒரு தெளிச்சம். என் மனைவி அப்போது தென்காசியில் டீச்சர். அந்த ஏக்கம் எனக்கும் தெரியும்.

"டாக்டர் காயிதம் கண்டா கம்பெனி லீவு குடுக்கும். இந்தத் தடவ அவரு வந்தே தீரணும் சேட்டா."

நல்ல சேதி

டாக்டர் பேனாவால் இங்கிலீஷில் எழுதினார்: இரைப்பைத் தசையில் வளர்ந்த அபூர்வக் கட்டி, புற்றாகத் தெரியவில்லை, சௌகரியப்படும்போது ஆபரேஷன் செய்யலாம், அவசரமில்லை. சந்தோஷத்தில் விதியை மறந்து, நானே சரோஜாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். அவர் கண் கலங்கிவிட்டது. ஆனந்தக் கண்ணீர் என்றுதான் நினைத்தேன்.

"அவசரமில்லைன்னா அவர விடமாட்டாங்க சேட்டா. அந்த ஒரு வரிய மட்டும் அழிச்சுத் தருவீங்களா?"

இத்தனை வருஷ சர்வீஸில் நல்ல சேதி கேட்டு அப்படி அழுதவர் அவர் ஒருவர்தான், மை எழுத்தைச் சுரண்ட ஒரு பிளேடு கிடைக்குமா என்று டிராயரைத் துழாவிய நாளும் எனக்கு அது ஒன்றுதான்.