ராஜாமணி கேட்ட ஒரு பர்லாங்கு

வடக்குப்பட்டிலிருந்து விமானம் ஏறிய முதல் ஆள் கண்ணப்பன்தான். ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையில் இருந்த ஒரு பம்பு தொழிற்சாலையில் அவர் ஃபிட்டர். 1991 செப்டம்பரில் கம்பெனி அவரையும் ராஜாமணியையும் ஆறு வாரப் பயிற்சிக்கு ஸ்காட்லாந்துக்கு அனுப்பியது. அங்கிருந்து புது மெஷின் வர இருந்தது. அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் இரண்டு பேராவது வேண்டும்.

கண்ணப்பனுக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. பேச்சும் சிரிப்புமாக இருப்பார். ராஜாமணி அவரைவிட ஒன்பது வயது மூத்தவர், விழுப்புரம் பக்கத்துக்காரர். எட்டு வருடத்துக்கு முன்னால் மனைவியோடு வந்து ஸ்ரீபெரும்புதூரில் வாடகைக்குக் குடியேறினார். ஒரே ஷிப்ட், ஒரே பெஞ்ச், மதியம் ஒன்றாகச் சாப்பாடு. இருந்தும் அவர் முன்பு லாரி ஓட்டினார் என்பதற்கு மேல் கண்ணப்பனுக்கு ஒன்றும் தெரியாது. ஏன் விட்டார் என்று கேட்கத் தோன்றியதுமில்லை.

அங்கே போன மூன்றாவது வாரம், சனி ஞாயிறோடு சேர்ந்து திங்களும் விடுமுறை வந்தது. வாடகைக்குக் கார் எடுத்துக்கொண்டு வடக்கே ஸ்கை தீவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள் என்று அங்கிருந்த ஃபோர்மேன் சொன்னார். கண்ணப்பன் மச்சானின் மெட்டடார் வேனில் ஓட்டிப் பழகியவர். வெளிநாட்டில் ஓட்டுவதற்கான பர்மிட்டையும் ஆசையாக வாங்கி வைத்திருந்தார். ராஜாமணியிடம் அது இல்லை. பழைய லைசென்சைக்கூட அவர் புதுப்பிக்கவில்லை.

"அதுக்கு இன்னாண்ணே? தீவுக்குள்ள பூந்துட்டா எவன் பாக்கப்போறான்? நீயும் ஓட்டு" என்றார் கண்ணப்பன்.

ராஜாமணி கையிலிருந்த சட்டையை மடித்து வைத்துவிட்டு, "ஒரு பர்லாங்கு ஓட்டினா போதும்பா" என்றார்.

கார் கொடுத்த பெண், கையெழுத்துப் போட்டவர் மட்டும்தான் ஓட்டலாம் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினாள். சின்னச் சிவப்புக் கார். நம் ஊர் போல இடது பக்கமாகவே போக வேண்டும் என்பதால் கண்ணப்பனுக்குக் கை சீக்கிரம் படிந்துவிட்டது. சாயங்காலம் காரோடு படகில் ஏறித் தீவில் இறங்கினார்கள்.

மரமே இல்லாத மலைகள், சில இடத்தில் பழுப்பு, சில இடத்தில் ஊதா. எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் நிலத்துக்குள் நீண்டு வந்து கிடந்தது. ஒரு கார் போகும் அகலம்தான் ரோடு. எதிரே வண்டி வந்தால் ஒதுங்குவதற்கு அங்கங்கே இடம் விட்டிருந்தார்கள். ஒதுங்கி வழிவிட்டால் எதிரே வருபவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டுப் போவார். கண்ணப்பனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. பிறகு எல்லாருக்கும் கையை உயர்த்த ஆரம்பித்தார். பெங்களூர் ரோட்டில் ஹாரனிலிருந்து கையை எடுக்காத மனிதர், அந்த மூன்று நாளில் ஒரே ஒரு தடவை ஹாரன் அடித்தார். அதுவும் நடுரோட்டில் படுத்திருந்த ஆட்டுக்கு.

அவர்கள் தங்கிய வீட்டுக்கார அம்மாள் எந்த ஊர் என்று விசாரித்தாள். மெட்ராஸ் பக்கம் என்று சொல்லிப் பார்த்தார்கள், விடவில்லை. ஸ்ரீபெரும்புதூர் என்றதும் அவள் கை தேநீர்க் கோப்பையோடு அப்படியே நின்றது. மே மாதம் டிவியில் கேட்ட பெயர். அதற்கப்புறம் அவர்களிடம் அவள் குரலைத் தாழ்த்தியே பேசினாள்.

சனிக்கிழமையே ராஜாமணி ஒரு தடவை கேட்டார். "மழை தூறுதுண்ணே, நாளைக்குப் பாக்கலாம்" என்றார் கண்ணப்பன். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தீவில் கடை, பெட்ரோல் பங்க் எல்லாமே பூட்டிக் கிடந்தது. "கீற பெட்ரோல்ல திரும்பணும்ணே. இன்னிக்கி வேணாம்" என்றார். உண்மை என்னவென்றால், அந்த ஸ்டியரிங்கை யாரிடமும் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

திங்கட்கிழமை வெயில் வந்தது. தீவின் வடகிழக்கு ஓரமாகப் போனார்கள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் செங்குத்தாக இறங்கும் பாறை, கீழே கடல். கண்ணுக்கெட்டிய மட்டும் நேர் ரோடு, அதில் ஒரு வண்டிகூட இல்லை.

"கண்ணப்பா, இங்க நிறுத்தேன்" என்றார் ராஜாமணி. "ஆளும் இல்ல, வண்டியும் இல்ல. ஒரே ஒரு பர்லாங்கு."

வாடகைக் காகிதத்தில் என் பெயர்தான் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். கண்ணப்பன் சிரித்துக்கொண்டே வேறு சொன்னார். "லாரி ஓட்டின கையிண்ணே அது. நீபாட்டுக்கு யாருனா மேல ஏத்திட்டீன்னா, நான் ஊரு போய்ச் சேர வேணாமா?"

ராஜாமணி சிரிக்கவில்லை. உள்ளங்கைகளை முழங்காலில் வைத்து அவற்றையே பார்த்தபடி வந்தார். வண்டி தராத கோபம் என்று கண்ணப்பன் நினைத்துக்கொண்டார். திரும்பும் படகில் எல்லாரும் இறங்கி நின்று கடலைப் பார்த்தபோது ராஜாமணி மட்டும் காரைவிட்டு இறங்கவில்லை.

ஊர் திரும்பிய பிறகு ராஜாமணி மதியச் சாப்பாட்டுக்கு வேறு மேசைக்குப் போனார். கேட்டால் ஒன்றுமில்லை என்பார். டிசம்பரில் காய்ச்சலென்று இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. பார்த்துவிட்டு வரலாமென்று கண்ணப்பன் போனார். ராஜாமணி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி பாப்பம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நீங்கதான் கண்ணப்பனா? உங்களப் பாக்கணும்னுதான் இருந்தேன் தம்பி. அங்க அவர வண்டி ஓட்ட வெச்சீங்களாமே!"

கண்ணப்பன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"எட்டு வருசமா ஸ்டியரிங்கத் தொடல தம்பி. திண்டிவனம் தாண்டி ஒரு பொட்டப்புள்ள, ஆட்டப் புடிக்க ஓடியாந்து லாரியில வுழுந்துடுச்சி. இவரு மேல தப்பு இல்லன்னு கோர்ட்டுலயே சொல்லிட்டாங்க. ஆனா அன்னிலேருந்து வண்டியில ஏறி உக்காந்தாலே கை ரெண்டும் நடுங்கும். அங்க ஓட்டுனேன், கை நடுங்கவே இல்லன்னு வந்து சொன்னாரு. நீங்க நல்லா இருக்கணும் தம்பி."

அவள் கொடுத்த காபியைக் கண்ணப்பனால் முழுசாகக் குடிக்க முடியவில்லை. ராஜாமணி அங்கே ஓட்டவில்லை என்பதைச் சொல்லாமலே எழுந்தார். மழையில் நனைந்துகொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். அந்த வெறிச்சோடிய ரோடும், தான் சிரித்த சிரிப்பும் மாறி மாறி நினைவில் வந்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மச்சானின் வேனை வாங்கிக்கொண்டு வந்து ராஜாமணியைக் கூப்பிட்டார். என்ன ஏதென்று கேட்காமல் அவரும் ஏறிக்கொண்டார். ஒரகடம் தாண்டி, சிங்கப்பெருமாள் கோவில் ரோட்டில் ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் வேனை நிறுத்திவிட்டுக் கண்ணப்பன் கீழே இறங்கினார்.

"அண்ணே, எனுக்குத் தெரியாதுண்ணே. தெரிஞ்சிருந்தா அந்த வார்த்தை சொல்லியிருப்பனா? நீ ஓட்டுண்ணே. எம்மாம் தூரம் வேணும்னாலும் ஓட்டு."

ராஜாமணி நகர்ந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தார். என்ஜின் ஓடவில்லை, ஆனாலும் அவர் முழங்கைவரை நடுங்கியது. கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்.

"உன் மேல கோவம் இல்ல கண்ணப்பா" என்றார். "அங்க மூணு நாளும் கைய மடியில வெச்சிப் பாத்துக்கிட்டே வந்தேன். நடுங்கவே இல்ல. நீ அந்த வார்த்த சொல்ற வரைக்கும் நடுங்கல."

பிறகு அவரே நகர்ந்து இடம் விட்டார். கண்ணப்பன் ஏறி வண்டியை எடுத்தார். எதிரே ஒரு மாட்டு வண்டி வந்தபோது ஓரம் கட்டி, அது போய் முடியும்வரை காத்திருந்தார். ராஜாமணியை வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது பாப்பம்மாள் வெளியே வந்து, "யாரு ஓட்டினது?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"போம்போது நான், வரும்போது அவன்" என்று சொல்லிவிட்டு ராஜாமணி உள்ளே போனார்.