குவளைக்கு அடியில் என் மகள்

மலேசியாவில், ஈப்போ நகரில் தையல் கடை தொடங்கியபோது அதற்கு என் மகள் ராசாத்தியின் பெயரையே வைத்தேன். ஆறு மாதமாகியும் ஆள் வரவில்லை. அச்சகத்தில் வேலை செய்த நண்பர் ஒரு யோசனை சொன்னார்.

"பீர் கடையில குவளைக்கு அடியில வைக்கிற அட்டை இருக்கு லா அண்ணே, அதுல உங்க கடைய போடுங்க. குடிக்கிறவன் பாத்துக்கிட்டேதான் இருப்பான்."

பெயர் மட்டும் போதாதென்று ராசாத்தியின் படத்தையும் அச்சிடச் சொன்னேன். அவளிடம் கேட்கவில்லை. கூட்டம் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு பீடோரிலிருந்து அவளை நிச்சயம் செய்ய வந்தார்கள். தாம்பூலம் மாற்றும் நேரத்தில் மாப்பிள்ளையின் தகப்பனார் தம் சட்டைப் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்துத் தட்டில் போட்டார். என் மகளின் முகத்தின் மேல் குவளையின் ஈர வட்டம் காய்ந்து கிடந்தது. யாரோ மீசை வேறு வரைந்திருந்தார்கள்.

"கண்டவன் கிளாஸு வைக்கிற மூஞ்சி எங்க வீட்டுக்கு வேணாங்க."

நான் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

ராசாத்தி அட்டையை எடுத்து முந்தானையால் துடைத்தாள். "இது அவரு பைக்குள்ள எப்படி வந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா?"

மறுநாள் மிச்ச அட்டைகளைத் திரும்ப வாங்க பீர் கடைக்கு ஓடினேன்.

"ஒண்ணுகூட இல்ல அண்ணே," என்றார் பரிமாறுபவர். "படம் நல்லா இருக்குன்னு ஆளாளுக்கு வீட்டுக்குக் கொண்டுபோயிட்டாங்க லா."

கடை இன்றும் நன்றாக ஓடுகிறது. ராசாத்தி பின்னறையில் உட்கார்ந்து தைக்கிறாள். முன்பக்கம் வருவதே இல்லை. புதிதாக யாராவது உள்ளே வந்து சிரித்தால், எனக்கு முதலில் அவருடைய சட்டைப் பைதான் கண்ணில் படுகிறது.