பொம்மியின் காமாலைக்குக் கிடைத்த பதில்

பொம்மி சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்ட அன்று என் சோதனை தொடங்கியது, அடியார்களே. ஆந்திரா தனி ராஜ்யமான மறு வருஷம், ஐப்பசி மாதம்.

பொம்மி என் மகள் வளர்த்த நாய். மனைவி காலமாகிவிட்டாள். மகளும் கல்யாணமாகி மதராஸ் போய்விட்டாள். ரயில் புறப்படும்போது, "நைனா, பொம்மிய பத்திரமா பாத்துக்கோ. நீயும் துன்னாம கெடக்காத" என்றாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்னிடம் பேசியவர் யாருமில்லை.

நான் திருத்தணிப் பக்கத்துக்காரன். வேலை மாற்றலாகிச் சித்தூர் வந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சித்தூர் ஆந்திரா பக்கமா, மதராஸ் பக்கமா என்று டீக்கடைகளில் சண்டை நடந்த காலம் அது. தமிழ் பேசினால் "மெட்ராஸ் ஆள்" என்று பார்ப்பார்களோ என்ற பயத்தில், வெளியே வாய் திறந்தால் எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கைத்தான் பேசுவேன்.

மழைக்குப் பிறகு பொம்மி உடம்பெல்லாம் உண்ணி. பிடுங்கிய இடங்களில் மஞ்சளைக் குழைத்துப் பூசினேன். சில நாளில் அவள் எழுந்து நடக்கவே சிரமப்பட்டாள். காதின் உட்புறம் மஞ்சளாகத் தெரிந்தது. காமாலையாக இருக்குமோ என்று பக்கத்து வீட்டு அங்கம்மாவிடம் கேட்டேன். அவள் சிரித்தாள்.

"நீயே மஞ்சள அப்பிக்கினு, மஞ்சளா கீதுன்னா எப்டி சாமி? நாய்க்கு எங்கனா காமாலை வருமா?"

மனம் கேட்கவில்லை. கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டரும் காதைப் பார்த்தார், மஞ்சள் பூசியதா என்று கேட்டார், ஆமாம் என்றேன். பிறகு, "மூத்ரம் பச்சகா போஸ்துந்தா?" என்றார். பச்சையாகப் போகிறதா என்று கேட்கிறார் என நினைத்தேன். "பச்சகா லேதண்டி", பச்சையாக இல்லைங்க, என்று தெலுங்கிலேயே கணீரென்று பதில் சொன்னேன். அவர் வயிற்றுக்கு மருந்து கொடுத்து அனுப்பினார்.

பொம்மிக்கு மூச்சு இரைத்தது. கூப்பிட்டால் வாலின் நுனி மட்டும் அசைந்தது. மகளுக்கு என்னவென்று எழுதுவேன்? அவளிடமிருந்து என்னிடம் மிச்சமிருந்த உயிர் அது. ஒரு நாய்க்காக அழுகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? விடிந்ததும் பெருமாள் கோயிலுக்குப் போனேன். எனக்கு ஸ்தோத்திரம் எதுவும் வரவில்லை. "இவளையும் எடுத்துக்கொண்டால் நான் யாரிடம் பேசுவேன்?" என்று மட்டும் கேட்டேன். தமிழில்தான் கேட்டேன்.

வெளியே வந்து, சார்த்தப் பூ வாங்கிக் கொடுக்கலாம் என்று நின்றேன். பூக்காரி, "தெல்லவா, பச்சவா?" என்றாள். தெல்ல என்றால் வெள்ளை, அது தெரியும்; பச்சை நிறத்தில் சாமந்தி ஏது என்று விழித்தேன். அவள் பொறுமையிழந்து கூடையில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து நீட்டினாள். அத்தனையும் மஞ்சள் சாமந்தி.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. பச்சை என்றால் இவர்களுக்கு மஞ்சள்! டாக்டர் கேட்டது மஞ்சளையா? பூவை அவளிடமே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி, பொம்மியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டரிடம் இந்த முறை தமிழில் சொன்னேன்: "மூத்திரம் மஞ்சளா போகுது சார். ரொம்ப மஞ்சளா." அவர் சட்டென்று எழுந்து பொம்மியின் உதட்டை விலக்கினார். ஈறு மஞ்சள். கண்ணின் வெள்ளையும் மஞ்சள்.

"தோல்ல நீங்க பூசினது சரி. ஈறுல யார் பூசினாங்க?" என்றார் தமிழிலேயே.

காமாலை என்பது அடையாளம்தான், நோய் அதற்குப் பின்னால் இருக்கும் என்று விளக்கினார். கல்லீரல் கெடலாம், பித்தம் போகும் வழி அடைபடலாம், அல்லது உள்ளே ரத்த அணுக்களே உடையலாம், மனிதருக்குப் போலவே நாய்க்கும் பூனைக்கும் அப்படித்தான் என்றார். காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். உண்ணி கொண்டுவந்த கிருமி, ரத்த அணுக்களை உடைத்துக்கொண்டிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று சொல்லி, நீல நிற மருந்தை நரம்பில் ஏற்றினார்.

"நாளைக்கு ஈறு நீலமா தெரியும், பயப்படாதீங்க. நீலம் ரெண்டு பாஷையிலயும் நீலம்தான் சார்."

பல நாட்களுக்குப் பிறகு நான் சிரித்தேன். அந்த வாரக் கடைசியில் பொம்மி கஞ்சி குடித்தாள்.

அவள் கஞ்சி குடித்த அன்று வேண்டிக்கொண்டபடி திருப்பதிக்கு நடந்தே போய் முடி கொடுத்தேன். போகும் வழியில் சந்திரகிரி தாண்டியதும் பஜனை பாடிக்கொண்டு போன உங்கள் கூட்டத்தோடு சேர்ந்தேன். யாரும் எந்தப் பக்கத்து ஆள் என்று கேட்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தீர்கள்.

இன்றும் பொம்மி சோறு துன்ன ஒரு நிமிஷம் தாமதித்தால் உதட்டை விலக்கிப் பார்த்துவிடுகிறேன். ஆனால் கலங்கும்போது இப்போது வாய்விட்டுக் கேட்கிறேன், பெருமாளிடமும், மனிதர்களிடமும். ஊரறியாத வீட்டில் தனியாக உட்கார்ந்து எதற்கோ அழுதுகொண்டிருப்பவர் யாராவது இதைக் கேட்டால், தைரியமாகப் பெருமாளிடம் சொல்லுங்கள். சொல்ல வார்த்தை வராவிட்டால் சனிக்கிழமை பஜனைக்கு வாருங்கள். என் பாயில் இன்னொருவருக்கு இடமிருக்கிறது.