கணக்கில் வராத ஒரு கரண்டி கோதுமை

முகம் எப்போது சிவக்கும் என்று ராடிசாவுக்கே தெரியாது. நீஷ் நகரத்துப் பேருந்தை ஓட்டிக்கொண்டிருப்பார்; கழுத்திலிருந்து ஒரு சூடு ஏறும்; கண்ணாடியில் பார்த்தால் தக்காளி. கூடவே வயிறு கலக்கும். கடைசி நிறுத்தம்வரை பல்லைக் கடித்துக்கொண்டு போவார்.

"காலையிலேயே ஏத்தியாச்சாண்ணே?" என்பார்கள் ஏறுகிறவர்கள்.

ஊதிப் பார்க்கும் கருவி ஒவ்வொரு முறையும் பூஜ்யம் காட்டியது. டிப்போ மேலாளர் குவோஸ்தென் கருவியைத்தான் சந்தேகித்தார். "காரணத்தோட வா. இல்லன்னா உனக்கு வண்டி கிடையாது."

குடலில் அபூர்வமாக வரும் ஒருவகைக் கட்டியாக இருக்கலாம் என்றார் டாக்டர் தெஸாங்கா. அது சுரப்பதுதான் முகத்தைச் சிவக்க வைக்கும், சிறுநீரில் தெரிந்துவிடும். சில நாள் அக்ரூட், பிளம், தக்காளி கூடாது; அவையும் அளவை ஏற்றிக் காட்டும். பிறகு ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைக் கேனில் சேர்க்க வேண்டும்.

அந்த நாள் புனித நிகோலா நாளாக அமைந்தது. குவோஸ்தென் வீட்டுத் திருநாள். போகாவிட்டால் குடித்துக் கிடக்கிறான் என்பார்கள். கேனைப் பையில் மறைத்துக்கொண்டு போனார். எல்லோரும் பார்க்க ராக்கியா சாராயத்தை மறுத்தார்.

முடிவு: மிக அதிகம்.

"அக்ரூட் ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"ஒண்ணுகூட இல்ல, டாக்டர்."

மனைவி மிலுங்கா திரும்பினாள். "வாசல்ல ஒரு கரண்டி அவிச்ச கோதுமை வாங்கினீங்களே? பாதி அக்ரூட்தானே அதுல!"

"அது சாப்பாடாடி? சிலுவை போட்டு வாங்குற பிரசாதம்!"

"கடவுளுக்குத் தெரியும். சோதனைக்குத் தெரியாதே," என்றார் டாக்டர். "மறுபடி ஆரம்பிங்க."

இரண்டாவது முடிவு வரும்வரை ராடிசாவ் வீட்டில் உட்காரவே இல்லை. கட்டி இல்லையென்றால் குடிகாரன். இருந்தால்? எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் மெழுகுவர்த்தியை ஏற்றி, ஊதி அணைத்தார்.

இந்த முறையும் அதிகம். ஸ்கேனில் சிறுகுடலின் கடைசியில் பட்டாணி அளவில் ஒன்று. கல்லீரலில் சில புள்ளிகள்.

"மெதுவா வளர்ற வகை. குடல்ல உள்ளதை வெட்டி எடுத்துடலாம். மாசாமாசம் ஊசி. முழுசாப் போயிடும்னு சொல்ல மாட்டேன்."

"நான் குடிக்கலன்னு எழுதித் தருவீங்களா?"

மிலுங்கா அவர் கையைக் கிள்ளினாள். பிறகு விடவில்லை.

அறுவை முடிந்தது, ஊசியில் சிவப்பு அடங்கியது, வண்டியும் திரும்பக் கிடைத்தது. அடுத்த நிகோலா நாளில் குவோஸ்தெனே கோதுமைத் தட்டை நீட்டினார். ராடிசாவ் மனைவியைப் பார்த்தார்.

"இன்னைக்குக் கேன் இல்ல. எடுங்க."

சிலுவை போட்டு வாங்கினார். வாசல் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தார். சிவக்கவில்லை. கோட்டைக் கழற்றிவிட்டு வந்து மறுபடியும் பார்த்தார்.