மறுகரை தெரியாத குளம்

வால்தம்ஸ்டோ என்ற ஆங்கிலேய ஊரில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பாடப் புத்தகத்தில் மீனும் தவளையும் படமாகவே கிடந்து எனக்கே அலுத்துவிட்டது. பக்கத்துப் பூங்காவில் நேரில் காட்டிவிடலாம் என்று பெற்றோர்களின் வாட்ஸப் குழுவில் எழுதினேன்: "நாளை குளத்தில் வலை போட்டுப் பூச்சி பார்க்கிறோம். ரப்பர் பூட்ஸ் போட்டு அனுப்புங்கள்."

ஒரு அம்மாவிடமிருந்து மட்டும் உடனே பதில் வந்தது. "என்ர பிள்ளையைக் குளத்துக்கு விட ஏலாது டீச்சர்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவருடைய மகள்தான் வகுப்பிலேயே பெரிய பூச்சிப் பைத்தியம், கோட்டுப் பையில் நத்தை கொண்டுவருகிறவள். அவள் இல்லாமல் யாருக்குக் காட்டுவது? போன் போட்டு, முழங்கால் அளவுத் தண்ணீர்தான் என்றேன். அவர் நம்பவில்லை. "அப்ப நானும் வாறன். பாத்துப்போட்டுத்தான் சொல்லுவன்."

மறுநாள் வந்து பார்த்தவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"இதைப் போய்க் குளம் எண்டு எழுதினீங்களோ? வன்னியில எங்கட குளத்துக்கு மறுகரையே தெரியாது."

நான் கும்பகோணத்துக்காரி. எனக்குக் குளம் என்றால் கோயில் வாசலில் படிக்கட்டோடு இருப்பது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

"என்ர தம்பி குளத்தில குளிக்கப் போனவன். திரும்பி வரேல்லை."

மகளை இறங்க விட்டார், ஆனால் கரையில் குந்தியிருந்து அவளது கோட்டோடு சேர்ந்த தொப்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். எட்டிய தூரம்வரைதான் அவளால் வலையால் துழாவ முடிந்தது. பாவமாக இருந்தது, இருவரையும் பார்க்க.

சகதியோடு வலையைத் தூக்கியவள் கத்தினாள். "அம்மா, தும்பிக் குஞ்சு! தட்டைப் பிடியுங்கோ, ரெண்டு கையாலயும்! சாயப் போகுது!"

பிடித்ததைப் போட்டுப் பார்க்க நான் கொடுத்திருந்த வெள்ளைத் தட்டு நிறையத் தண்ணீர். ஒரு கையால் அதைத் தாங்க முடியாது. அவர் தட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு தொப்பியின் நுனியை என் கைக்குள் திணித்தார்.

"விட்டிடாதேங்கோ."

தட்டுக்குள் ஆறு கால்களோடு ஊர்ந்த, இன்னும் இறக்கை முளைக்காத அந்தப் பழுப்புநிறக் குஞ்சைத் தாயும் மகளும் தலை முட்டப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்ற பிள்ளைகள் டீச்சர், டீச்சர் என்று கூப்பிட்டார்கள். முழங்கால் தண்ணீர்தான், எனக்கு நன்றாகவே தெரியும். அவள் கரையேறும்வரை நான் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.