நான் சொல்லாத செக்

விருதுநகரில் நடந்த அந்தச் சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்றுக்கு முன்னால், மண்டபத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் வைத்துத்தான் நானும் இன்னொரு ஆட்டக்காரரும் பேசி முடித்தோம். அவர் சாத்தூரில் தபால் ஆபீசில் வேலை பார்ப்பவர். கோவில்பட்டி, ராஜபாளையம் என்று எங்கே போட்டி நடந்தாலும் ஒன்றாகத்தான் போய் வருவோம். அண்ணன் என்றே கூப்பிடுவேன். ஏழு சுற்று முடிந்து இரண்டு பேரும் முதலிடத்தில் சமமாக நின்றோம். பின்னால் இருந்தவர்கள் ஒரு புள்ளி தள்ளி இருந்தார்கள். கடைசிச் சுற்றில் எங்களையே எதிரெதிராகப் போட்டிருந்தார்கள்.

"டிரா போட்டுருவோம் தங்கச்சி," என்றார். "தோத்த ஆளு அஞ்சாவது ஆறாவதுக்குப் போயிரும். டிரான்னா முதல் ரெண்டு பரிசும் நமக்குத்தான். பாதிப் பாதி எடுத்துக்கிடலாம்."

நான் யோசிக்கவே இல்லை. சரி என்றேன். சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பது என் வேலை. சீசன் இல்லாத மாதங்களில் வாரத்துக்கு மூன்று நாள்தான் கூப்பிடுவார்கள். மகள் அந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். அவளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் நடுவர் மைக்கை எடுத்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஒரு காலத்தில் நன்றாக ஆடியவர்.

"முப்பது நகர்த்தலுக்கு முன்னால யாரும் பேசி டிரா எடுக்கக் கூடாது. முன்கூட்டியே பேசி வச்சு ஆடுனீகன்னு தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் பூஜ்யம்தான். பரிசு கிடையாது. மேல எழுதிப் போட்டுத் தடையும் வாங்கிக் குடுத்துருவேன்."

அவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் எங்களைத்தான் சொல்வதுபோல இருந்தது. பரிசுப் பணத்தில் பாதி கொடுத்தது எங்கள் அச்சக முதலாளி. சாயந்திரம் மேடைக்கு அவரே வருவார். அவர் முன்னால் என் பேரைச் சொல்லி, இன்ன காரணத்தால் பரிசு இல்லை என்று மைக்கில் அறிவித்தால்?

அண்ணன் தண்ணீர் குடிக்கிற சாக்கில் பக்கத்தில் வந்தார். "பயப்படாத. ஒரே நிலை மூணு தடவ வந்தா எப்பவும் டிராதான், அதுக்கு முப்பதெல்லாம் தேவையில்ல. போன தடவ பஸ்ல காமிச்சேன்லா, அதே வரிசை. என் ராணி உன் சிப்பாய மிரட்டும், உன் யானை வந்து காக்கும். நான் திரும்புவேன், நீயும் திரும்பு."

ஆட்டம் தொடங்கியது. பக்கத்துக் குடோனிலிருந்து மிளகாய் நெடி வந்துகொண்டிருந்தது. யாராவது தும்மும்போதெல்லாம் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்து நகர்த்தல் வரை சொன்னபடியே போனது. பதினொன்றாவதில் அவர் ராஜாவைக் கோட்டைக்குள் வைத்திருக்க வேண்டும். அதை மறந்துவிட்டு நேராக ராணியை எடுத்து வைத்தார்.

நான் பலகையைப் பார்த்தேன். என் ராணியை இடது ஓரத்துக்குக் கொண்டுபோய் ஒரு செக் சொன்னால் போதும். அவருடைய ராஜாவும், அந்தப் பக்கம் காவல் இல்லாமல் நின்ற மந்திரியும் ஒரே நேரத்தில் மாட்டும். ராஜா தப்பித்துக்கொள்ளும். மந்திரி போய்விடும். அதன் பிறகு அவர் தோற்பதை யாராலும் தடுக்க முடியாது.

வேண்டுமென்றே இப்படி ஆடி எனக்குப் பொறி வைக்கிறாரா என்று முதலில் சந்தேகம் வந்தது. இரண்டு முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். பொறி இல்லை. முதல் பரிசு முழுசாக என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் வெளியே போய் யாரிடமும் முறையிடவும் முடியாது. கை ராணிக்கு மேல் வரை போய்விட்டது. தொட்டால் அதைத்தான் நகர்த்த வேண்டும். தொடாமல் நிறுத்தினேன்.

அப்போது பின்னால் செருப்புச் சத்தம் வந்து நின்றது. நடுவர். செக் சொல்லாவிட்டால் அவருக்குப் புரிந்துவிடும். சொன்னால், எதிரே உட்கார்ந்திருக்கும் மனுஷனின் முகத்தை இனிமேல் எப்படிப் பார்ப்பேன்? கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பேசியபடியே யானையை நகர்த்தினேன்.

அந்த நொடியில்தான் அவர் அந்தச் செக்கைக் கவனித்தார். முகம் வெளுத்துப்போனது. அவசரமாக ராஜாவைக் கோட்டைக்குள் வைத்தார். பிறகு ராணியும் யானையும் போய்ப் போய்த் திரும்பின. மூன்றாவது முறை ஒரே நிலை வந்ததும் டிரா கேட்டோம். கை குலுக்கினோம்.

நடுவர் எங்கள் நகர்த்தல்களை எழுதிய தாள்களை வாங்கிக்கொண்டு இரண்டு பேரையும் தன் மேசைக்குக் கூப்பிட்டார். காய்களை அந்த நிலைக்கு அடுக்கினார்.

"இங்கன ஏன் செக் சொல்லல?"

"பாக்கல சார்," என்றேன்.

அண்ணனைப் பார்த்தார்.

"நானும் பாக்கல சார்."

"ரெண்டு பேரும் இம்புட்டு வருசமா ஆடுறீக. ரெண்டு பேருமே பாக்கலையா?" தாள்களை மடித்து வைத்தார். "போங்க. பரிசளிப்பு அப்ப சொல்லுதேன்."

இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். அண்ணன் ஒரு மூலையில், நான் ஒரு மூலையில். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட இல்லை. நடுவர் போனை எடுக்கும்போதெல்லாம் மேலே புகார் சொல்கிறார் என்றே நினைத்தேன். முதலாளி கார் வந்து நின்றபோது, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

கடைசியில் என் பேரைக் கூப்பிட்டார்கள். "நம்ம கம்பெனி ஆளுய்யா!" என்று முதலாளி பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டே கவரைக் கொடுத்தார். நடுவர் கீழே குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. நிரூபிக்க முடியாது என்று விட்டாரா, பாவம் பார்த்து விட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

பஸ் ஸ்டாண்டில் அவர் சாத்தூர் பஸ்ஸுக்கும் நான் சிவகாசி பஸ்ஸுக்கும் நின்றோம்.

"தங்கச்சி, உண்மையச் சொல்லு. அந்தச் செக்கப் பாத்தியா?"

"பாத்தேண்ணே."

அவர் கீழே பார்த்தார். "நானா இருந்தா சொல்லிருப்பேன்."

அதுவரை நடுவருக்குத்தான் பயந்திருந்தேன். என் பஸ் வந்ததும் ஏறிவிட்டேன்.

மகளைக் கல்லூரியில் சேர்த்தேன். அண்ணனோடு ஒன்றாகப் போவது அதன் பிறகு தானாகவே நின்றுபோனது. சில மாதம் கழித்து கோவில்பட்டியில், ஒரு கல்லூரிப் பெண்ணோடு ஆடினேன். ஆளுக்கு ஒரு யானையும் நாலு சிப்பாயும்தான் மிச்சம். யார் பார்த்தாலும் டிரா என்று சொல்லும் நிலை. நாற்பது நகர்த்தல் தாண்டியாயிற்று. "டிராவா அக்கா?" என்று அவள் கேட்டாள். யாரும் எங்களைப் பார்க்கவில்லை. அப்படியும் பின்னால் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். "இல்லம்மா, ஆடுவோம்," என்றேன். அவள் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு ஆடினாள். கொஞ்ச நேரத்தில் ஒரு சிப்பாயைத் தவறவிட்டேன். பிறகு இன்னொன்றை. மகள் போனில் கேட்டபோது, தோற்றுவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.