காவிரி மேற்கே ஓடிய நாள்

பெற்ற தாயிடமே நாலாம் வகுப்புப் படிக்கும் கொடுமை உங்களில் யாருக்காவது வாய்த்திருக்கிறதா? எனக்கு வாய்த்தது. எழுபதுகளின் கடைசியில், திருவானைக்காவலில் ஓடு போட்ட ஓர் ஆரம்பப் பள்ளியில், பிரசவ விடுப்பில் போன டீச்சருக்குப் பதிலாக அம்மா வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டில்தான் அம்மா, பள்ளிக்கூட வாசலைத் தாண்டிவிட்டால் டீச்சர். வாய் தவறி ‘அம்மா’ என்று கூப்பிட்டால் காதே கேட்காதவள் மாதிரி கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருப்பாள். போதாததற்கு, வகுப்பில் எந்தக் கேள்விக்கும் நான் பதில் சொல்லக் கூடாது. வீட்டிலேயே சொல்லிக்கொடுத்துக் கூட்டி வந்துவிட்டாள் என்று யாராவது பேசுவார்களாம்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம்தான். விடுப்பில் போன டீச்சர் திரும்பி வரமாட்டார் என்று பேச்சு இருந்தது. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து நல்லபடியாக எழுதிவிட்டால் வேலை அம்மாவுக்கே நிரந்தரமாகிவிடும். நிரந்தரமானால் என்னை டவுனில் கான்வென்டில் சேர்ப்பதாக வாக்குக் கொடுத்திருந்தாள். அங்கே ஃபேன் உண்டு, நீலப் பாவாடை உண்டு, முக்கியமாக அம்மா கிடையாது.

மற்ற டீச்சர்களைப் போலப் புத்தகத்தைத் திறந்து பாடம் நடத்தியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். நடுவில் அம்மாவை ஒரு பயிற்சிக்கு அனுப்பித் தொலைத்தார்கள். செலவில்லாமல், கையில் கிடைப்பதை வைத்துப் பாடம் நடத்துவது எப்படி என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்களாம். செலவில்லாமல் என்றால் எங்கள் வீட்டிலிருந்து என்று அர்த்தம். புளியங்கொட்டை கணக்குக்குப் போனது. தீப்பெட்டிகள் குச்சிகளைப் பறிகொடுத்துவிட்டு ரயிலாயின. காந்தி மார்க்கெட்டில் வாங்கிய காய்கறி சாம்பாருக்கு முன்னால் வகுப்புக்குப் போய், அத்தனை பிள்ளைகளின் கையிலும் புரண்டு, வதங்கி வீடு திரும்பும். ஒருநாள் அப்பா தட்டைப் பார்த்துவிட்டு, “இந்தக் கத்திரிக்காய் நாலாங்கிளாஸ் பாஸ் பண்ணிடுச்சா?” என்று கேட்டார். அம்மா இன்னொரு கரண்டி போட்டாள்.

இவ்வளவு செய்தும் எங்கள் வகுப்பு அசைந்து கொடுக்கவில்லை. டீச்சர் சொல்வதை ஒரே ராகத்தில் திருப்பிச் சொல்வதுதான் படிப்பு என்று பழகிய கூட்டம் அது. அம்மா வேண்டுமென்றே, “மூணும் நாலும் ஒம்பது” என்பாள். “மூணும் நாலும் ஒம்பதூ” என்று வகுப்பு முழங்கும். “தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க” என்று கெஞ்சுவாள். “தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க” என்று அதையும் ராகத்தோடு திருப்பிச் சொல்வார்கள். விடை தெரிந்த நான் மட்டும் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

அப்புறம்தான் சினிமா வந்தது. எங்கள் தெருப் பையன்கள் ஃபியூஸ் போன பல்பில் தண்ணீர் ஊற்றி, அதன் முன்னால் துண்டு ஃபிலிமைப் பிடித்து, கண்ணாடியால் வெயிலைத் திருப்பி இருட்டறைச் சுவரில் படம் காட்டுவார்கள். அதை அம்மா பார்த்துவிட்டாள். இன்ஸ்பெக்டருக்கு முன்னால் இதே மாதிரி ஒரு பாடம் நடத்தப்போவதாக அறிவித்தாள். அப்பாவின் நெஞ்சு எக்ஸ்ரேயை ப்ளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டுத் தேய்த்ததில் அப்பாவின் விலா எலும்பெல்லாம் கரைந்து, ஃபிலிம் பளிங்காகிவிட்டது. அதில் ஒரு துண்டை வெட்டி மேட்டூரிலிருந்து கடல்வரைக்கும் காவிரியை நீல மசியில் வரைந்தாள். ஒரு பெயரும் எழுதவில்லை. ஊர்களைப் பிள்ளைகளே சொல்ல வேண்டுமாம். அவர்களா சொல்லப்போகிறார்கள் என்று நான் அன்றைக்கே நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். ஜன்னல்களுக்குச் சாக்குக் கட்டி, சுவரில் அப்பாவின் வேட்டியைத் தொங்கவிட்டிருந்தோம். வெளியே ஒரு பையன் அப்பாவின் ஷேவிங் கண்ணாடியோடு வெயிலில் நின்றான். அந்தப் பல்பில் படம் நேராகத் தெரிய வேண்டுமென்றால் ஃபிலிமைத் தலைகீழாகச் சுற்றி வைக்க வேண்டும். அம்மா அவசரத்தில் சுற்றி வைப்பதற்குப் பதில் ஃபிலிமைப் புரட்டி வைத்துவிட்டாள். மேல் கீழ் சரியாக இருந்தது, இடம் வலம் மாறிவிட்டது. மேட்டூர் கிழக்கேயும் கடல் மேற்கேயும் போய்விட, காவிரி மேற்கே பார்த்து ஓடியது.

எனக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது. சொல்லத்தான் கூடாதே! போகட்டும், இந்தக் கூட்டத்தில் யார் கவனிக்கப்போகிறார்கள், இன்ஸ்பெக்டரும் தூக்கக் கலக்கத்தில்தான் இருக்கிறார் என்று கான்வென்டின் நீலப் பாவாடையை நினைத்துக்கொண்டேன். அம்மா குச்சியை வைத்து, “இதுதான் நம்ம காவிரி” என்றாள்.

“தப்பு டீச்சர்.”

கடைசி வரிசைப் பையன் ஒருவன். அதுவரை அவன் குரலை வகுப்பில் யாரும் தனியாகக் கேட்டதில்லை. எழுந்து நின்றிருந்தான். “ஆறு தப்பாப் போகுது டீச்சர். போன வாரம் படித்துறையில என் செருப்பு விழுந்துடுச்சு. அது கிழக்க, கல்லணைப் பக்கந்தான் போச்சு. அதுக்கு எங்கப்பா அடிச்சாரு.”

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. “ஆமா டீச்சர், தப்பு! தப்பு!” என்று வகுப்பே எழுந்து நின்று ஆளுக்கொரு கையை நீட்டியது. ஒருத்தி ஜன்னல் சாக்கை விலக்கி ஆறு இருக்கும் திசையையே காட்டினாள். வெளிச்சம் பாய்ந்து படம் போய்விட்டது.

“என்னம்மா இது, கிளாஸா சந்தையா?” என்றார் இன்ஸ்பெக்டர். “டீச்சரையே தப்புங்கிறாங்க, நீங்க நின்னு பார்த்துக்கிட்டிருக்கீங்க!”

உட்காருங்கள் என்று ஓர் அதட்டல் போட்டிருந்தால் போதும். மனசுக்குள் அம்மாவைக் கெஞ்சினேன். அம்மா என்ன செய்தாள் தெரியுமா? அந்தப் பையனைக் கூப்பிட்டு, “அப்போ எப்படி வைக்கணும்? வந்து நீயே மாத்து” என்றாள். சாக்கை மறுபடி இழுத்துவிட்டு ஆளாளுக்கு யோசனை சொல்ல, அவன் ஃபிலிமை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தான். காவிரி ஒருவழியாகக் கிழக்கே திரும்பி வகுப்பு கைதட்டியபோது இன்ஸ்பெக்டரின் நாற்காலி காலியாக இருந்தது.

வகுப்பில் கட்டுப்பாடு இல்லை, சிபாரிசு செய்ய முடியாது என்று சொல்லிவிட்டாராம். சாயங்காலம் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். அம்மா “சரிங்க சார்” என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்த அம்மா படுத்து அழவில்லை. கேசரி கிண்டினாள்! வேலை போனதற்கு யாராவது கேசரி கிண்டுவார்களா? அப்பா வந்ததும் செருப்புக் கதையை அந்தப் பையனைப் போலவே நின்று சொல்லிக்காட்டினாள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கேசரித் தட்டைத் தள்ளிவிட்டேன். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்தாள். துடைத்த பிறகும் வெகுநேரம் வந்துகொண்டே இருந்தது.

அம்மாவுக்கு அந்த வேலை அவ்வளவாகப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.